வகுப்பு மரபுரிமத்தின் வரலாறு

மரபுரிமம் என்பது பொருள் நோக்கு நிரலாக்கத்தில், ஏற்கெனவே உள்ள ஒரு வகுப்பின் தரவுகளையும் செயற்கூறுகளையும் அடிப்படையாகக் கொண்டு புதிய வகுப்பொன்றை உருவாக்கும் முறையாகும். ஆங்கிலத்தில் இது இன்ஹெரிட்டன்ஸ் எனப்படுகிறது. 1967 ஆம் ஆண்டு நார்வேயில் சிமுலா மொழியில் முதன்முதலாக உருப்பெற்ற இந்தக் கருத்து, ஸ்மால்டாக், சி++, ஜாவா, பைத்தான் முதலிய மொழிகளின் வழியாக உலகெங்கும் பரவியது. ஒரு காலத்தில் பொருள் நோக்கு நிரலாக்கத்தின் தலையாய சிறப்பாகக் கருதப்பட்ட மரபுரிமத்தை, 2009 இல் வெளிவந்த கோ மொழியும் 2015 இல் முதற்பதிப்புக் கண்ட ரஸ்ட் மொழியும் முற்றிலும் விலக்கிவைத்தன. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைக் கருத்து

வகுப்பு என்பது பொருள்களை உருவாக்குவதற்கான அச்சு. தமிழ்ப் பாடநூல்களில் இதனை இனக்குழு என்றும் வழங்குவர். வங்கி மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 'கணக்கு' என்னும் வகுப்பு இருக்கிறது. கணக்கு எண், உரிமையாளர் பெயர், இருப்புத்தொகை ஆகியவை அதன் தரவுகள். பணம் செலுத்துதல், பணம் எடுத்தல் ஆகியவை அதன் செயற்கூறுகள். இப்போது 'சேமிப்புக் கணக்கு' என்னும் வகுப்பு தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் மீண்டும் எழுதாமல், 'கணக்கு' வகுப்பிலிருந்து பெற்றுக்கொண்டு, வட்டி கணக்கிடும் செயற்கூறை மட்டும் புதிதாகச் சேர்த்தால் போதும். இங்கே 'கணக்கு' தாய் வகுப்பு. 'சேமிப்புக் கணக்கு' சேய் வகுப்பு.

இந்த ஒரே செயலால் இரண்டு வேறுபட்ட பயன்கள் கிடைக்கின்றன.

முதலாவது, மறுபயன்பாடு. தாய் வகுப்பில் எழுதிய நிரல் வரிகளைச் சேய் வகுப்பு இலவசமாகப் பெறுகிறது.

இரண்டாவது, வகைப்பாடு. சேமிப்புக் கணக்கும் ஒருவகைக் கணக்கே என்று நிரல்பெயர்ப்பி ஏற்றுக்கொள்கிறது. எனவே 'கணக்கு' எதிர்பார்க்கப்படும் எந்த இடத்திலும் 'சேமிப்புக் கணக்கு' பொருளைத் தரலாம்.

இவை இரண்டும் எப்போதும் ஒன்றாகவே செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிரல் வரிகள் ஒன்றாக இருந்தும் வகையால் வேறுபட்டவை உண்டு. வகையால் ஒன்றாக இருந்தும் நிரலால் வேறுபட்டவையும் உண்டு. ஆனால் தொடக்க கால மொழிகள் இரண்டையும் ஒரே கருவியில் கட்டிவைத்தன. மரபுரிமத்தின் வரலாறு, பெரும்பாலும் அந்தக் கட்டை அவிழ்த்த வரலாறே.

சிமுலாவுக்கு முன்

ஆஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோகான் டால் ஆகிய இருவரும் 1960களின் தொடக்கத்தில் சிமுலா மொழியை வடிவமைக்கத் தொடங்கினர். நிகார்ட் செயல்பாட்டு ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். தொழிற்சாலை, துறைமுகம், வரிசை முதலிய உலக நிகழ்வுகளைக் கணினியில் போலச்செய்து பார்ப்பது, அதாவது பாவனையாக்கம், அவருடைய தேவையாக இருந்தது. டால் தேர்ந்த நிரலாளர். அல்கால் 60 மொழியை அடித்தளமாகக் கொண்ட அவர்களுடைய முதல் மொழியான சிமுலா 1, யூனிவாக் 1107 கணினியில் 1965 வாக்கில் இயங்கத் தொடங்கியது.

சிமுலா 1 இல் வகுப்பு என்ற சொல் இல்லை. 'செயல்' என்ற கருத்தே இருந்தது. ஒவ்வொரு செயலும் தனக்கெனத் தரவுகளும் இயக்கமும் கொண்டது. பாவனையாக்கத்திற்கு அது போதுமானதாக இருந்தாலும், எழுதியதையே மீண்டும் மீண்டும் எழுதவேண்டிய தொல்லை நீங்கவில்லை. டாலும் நிகார்டும் பின்னாளில் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் ஒரு பாலத்தின் சுங்கச் சாவடியை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர். சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்கும் எந்த ஊர்திக்கும் தனக்கு முன் நிற்பது எது, பின் நிற்பது எது என்ற விவரம் வேண்டும். அந்த விவரம் லாரிக்கும் பேருந்துக்கும் பொதுவானது. மற்றவை வெவ்வேறானவை. பொதுவானதை ஒரே முறை எழுதிவிட்டு, வேறுபடுவதை மட்டும் தனித்தனியே எழுத வழி உண்டா என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி.

விடையின் ஒரு பகுதி இங்கிலாந்திலிருந்து வந்தது. டோனி ஹோர் 1965 இல் பதிவேடுகளைக் கையாளுதல் குறித்து ஒரு முன்மொழிவை வெளியிட்டார். அதில் பதிவு வகுப்பு, துணை வகுப்பு என்ற கருத்துகள் இருந்தன. ஒரு சுட்டு எந்த வகுப்பின் பதிவை மட்டும் காட்டலாம் என்பதை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்ற விதியும் இருந்தது. 1966 இல் பிரான்சின் வில்லார்-தெ-லான்ஸ் என்ற ஊரில் நடைபெற்ற நேட்டோ கோடைப்பள்ளியில் ஹோரும் டாலும் விரிவுரை ஆற்றினர். ஹோரின் கருத்து நார்வேக்காரர்களைப் பெரிதும் கவர்ந்தது. எனினும் அம்முறையில் துணை வகுப்புகள் யாவும் தாய் வகுப்பின் அறிவிப்புக்குள்ளேயே அடங்கியிருந்தன. பின்னர் வரும் வேறொருவர், முன்பு எழுதிய வகுப்பைத் தொடாமலேயே அதனை விரிவாக்க வழியில்லை.

1967: முன்னொட்டின் பிறப்பு

1966 இன் இறுதிக்கும் 1967 இன் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் டாலும் நிகார்டும் தீர்வைக் கண்டடைந்தனர். அதற்கு அவர்கள் 'முன்னொட்டு' என்று பெயரிட்டனர். புதிய வகுப்பை அறிவிக்கும்போது, அதன் பெயருக்கு முன்னால் பழைய வகுப்பின் பெயரை எழுதவேண்டும். அவ்வளவுதான். பழைய வகுப்பின் உறுப்புகள் யாவும் புதிய வகுப்பின் ஒரு படலமாகிவிடும். உருவாகும் பொருள் ஒன்றே. அதனுள் முன்னொட்டுப் படலமும் முதன்மைப் படலமும் அடுக்காக அமைந்திருக்கும்.

அந்நாள்களில் இருவரும் விவாதித்த விதம் பற்றி ஒரு செய்தி உண்டு. 1967 இன் வசந்த காலத்தில் மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர், மாடியில் கரும்பலகையின் முன் இரண்டு பேர் கடுமையாகச் சண்டையிடுவதாகத் தொலைபேசி இணைப்பாளரிடம் பதறிப்போய்ச் சொன்னாராம். இணைப்பாளர் சற்றுக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, டாலும் நிகார்டும் சிமுலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம்.

1967 மே மாதம் ஆஸ்லோவை அடுத்த லீசெபு என்னுமிடத்தில் பாவனையாக்க மொழிகள் குறித்த பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. வகுப்பு, துணை வகுப்பு அறிவிப்புகள் பற்றிய கட்டுரையை இருவரும் அங்கு வழங்கினர். அதே ஆண்டில் சிமுலா 67 மொழியின் வரையறை உறுதி செய்யப்பட்டது. சேய் வகுப்பு தன் விருப்பப்படி மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய மெய்நிகர் செயற்கூறுகளும் அதில் இடம்பெற்றன. இன்று பயன்பாட்டிலுள்ள மரபுரிமத்தின் பெரும்பாலான கூறுகள் இதில் வந்துவிட்டன: தாய், சேய் உறவு, தாய் வகைச் சுட்டில் சேய்ப் பொருளை வைத்தல், செயற்கூறை மாற்றி எழுதுதல்.

சிமுலா 67 உடன் வந்த நூலகம் இக்கருவியின் இரட்டைத் தன்மையை அப்போதே காட்டியது. அதில் 'லிங்க்' என்றொரு வகுப்பு உண்டு. முன்னும் பின்னும் சுட்டும் இரண்டு இணைப்புகளும், வரிசையில் சேர்தல், விலகுதல் ஆகிய செயற்கூறுகளும் அதன் உள்ளடக்கம். எந்த வகுப்புக்கும் 'லிங்க்' என்பதை முன்னொட்டாக இட்டால், அதன் பொருள்கள் வரிசையில் நிற்கும் தகுதி பெறும். பாவனையாக்கத்திற்கான 'புராசஸ்' வகுப்பே 'லிங்க்' வகுப்பின் சேய்தான். ஊர்தி என்ற வகுப்பின் சேய்களாக லாரியையும் பேருந்தையும் அமைத்தால் அது வகைப்பாடு. லாரி ஒருவகை ஊர்தி என்று யாரும் சொல்வர். ஆனால் ஊர்தியை 'லிங்க்' வகுப்பின் சேயாக அமைப்பது வகைப்பாடு அன்று. ஊர்தி ஒருவகை இணைப்பு என்று எவரும் சொல்வதில்லை. அங்கே வேண்டியிருந்தது இணைப்பின் நிரல் வரிகள் மட்டுமே. மேலும் சிமுலாவில் ஒரு வகுப்புக்கு ஒரே முன்னொட்டுதான் இடமுடியும். ஒரு 'லிங்க்' பொருள் ஒரு நேரத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கமுடியும். இரண்டு வரிசைகளில் நிற்கவேண்டிய ஊர்திக்கு மரபுரிமம் உதவவில்லை.

ஸ்மால்டாக்: விலக்கிவைத்துப் பின் ஏற்றல்

1966 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்த ஆலன் கேயிடம், அல்கால் மொழி என்று சொல்லி ஒரு நாடா தரப்பட்டது. பிரித்துப் பார்த்தபோது அது சிமுலா என்று தெரிந்தது. அதனைப் படித்துப் புரிந்துகொண்ட அனுபவமே கேயின் சிந்தனைக்கு முதன்மையான தூண்டுகோல்களுள் ஒன்றாயிற்று. பின்னர் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பெர்க் முதலியோர் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கினர். பொருள் நோக்கு என்ற தொடரைப் பரப்பியவர் கேதான்.

ஆயினும் முதல் வடிவமான ஸ்மால்டாக்-72 இல் மரபுரிமம் ஒரு மொழிக்கூறாக இல்லை. அக்கருத்தை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளும் வரை காத்திருக்கலாம் என்று கருதியே அதனைச் சேர்க்கவில்லை என்று கே பின்னாளில் எழுதினார். அவரைப் பொறுத்தவரை பொருள் நோக்கின் உயிர், பொருள்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்வதில் இருந்தது.

இங்கால்ஸ் முன்னின்று வடிவமைத்த ஸ்மால்டாக்-76 இல் மரபுரிமம் இடம்பெற்றது. 1980களின் தொடக்கத்தில் பொதுமக்களுக்கு வெளியான ஸ்மால்டாக்-80 இல் எண்ணும், எழுத்தும், சாளரமும், வகுப்பும்கூட 'ஆப்ஜெக்ட்' என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தன. ஒரு பொருளுக்குச் செய்தி வந்தால் முதலில் அதன் வகுப்பில் உரிய செயற்கூறு தேடப்படும். இல்லையென்றால் தாய் வகுப்பில், அதற்கும் மேல் பாட்டி வகுப்பில் என்று வேர் வரை தேடல் செல்லும். இந்த ஏணித் தேடல் பின்வந்த பல மொழிகளுக்கு முன்மாதிரியாயிற்று.

பன்மரபுரிமமும் வைரச் சிக்கலும்

ஒரு வகுப்புக்கு ஒரே தாய்தான் இருக்கவேண்டுமா என்ற கேள்வி 1970களின் இறுதியில் எழுந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிஸ்ப் கணினிகளுக்காக ஹோவர்ட் கேனன் உருவாக்கிய 'ஃபிளேவர்ஸ்' அமைப்பு, ஒரு வகுப்பு பல வகுப்புகளிலிருந்து பெற்றுக்கொள்ள இடமளித்தது. அருகிலுள்ள சோமர்வில் நகரின் ஐஸ்கிரீம் கடையொன்றிலிருந்து அதன் சொற்கள் வந்தன. அங்கே அடிப்படைச் சுவை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் முந்திரி, மிட்டாய் முதலியவற்றைக் கலந்து தருவர். அப்படிக் கலக்கப்படுவதன் பெயரே 'மிக்ஸின்'. தனியே பயன்படாத, பிற வகுப்பில் கலப்பதற்கென்றே எழுதப்படும் சிறு வகுப்பை இச்சொல் இன்றும் குறிக்கிறது.

பல தாய்களால் ஒரு புதுச் சிக்கல் வந்தது. 'கணக்கு' வகுப்பிலிருந்து 'சேமிப்புக் கணக்கு', 'இணையவழிக் கணக்கு' என இரண்டு சேய்கள் பிறக்கின்றன என்று கொள்வோம். அவ்விரண்டையும் தாய்களாகக் கொண்டு 'இணையச் சேமிப்புக் கணக்கு' உருவாகிறது. இப்போது இருப்புத்தொகை என்ற தரவு அதில் ஒன்றா, இரண்டா? இரு தாய்களும் பணம் எடுத்தலை வெவ்வேறு விதமாக மாற்றி எழுதியிருந்தால் எது செல்லுபடியாகும்? படமாக வரைந்தால் சாய்சதுர வடிவில் தோன்றுவதால் இது வைரச் சிக்கல் எனப்படுகிறது.

மொழிகள் இதற்கு வெவ்வேறு விடைகள் கண்டன. பெர்ட்ராண்ட் மேயரின் ஐஃபில் மொழி, மோதும் உறுப்புகளுக்கு மறுபெயர் இடச் செய்தது. சி++ மொழி, பொதுத் தாயை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்வதா, இருமுறையா என்ற முடிவை நிரலாளரிடமே விட்டது. பைத்தான் 2003 இல் வெளியான 2.3 பதிப்பில் சி3 என்னும் வரிசைப்படுத்தல் முறையை ஏற்றது. முதலில் டிலன் மொழிக்காக வகுக்கப்பட்ட இம்முறை, தாய்கள் அனைவரையும் ஒரே நேர்கோட்டில் அடுக்குகிறது. சேய் எப்போதும் தாய்க்கு முன் வரும். நிரலாளர் தாய்களை எழுதிய வரிசையும் மாறாது. அத்தகைய வரிசை அமையாவிட்டால் வகுப்பை உருவாக்கவே பைத்தான் மறுத்துவிடும்.

சி++: தொழிலுலகில் பரவல்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்தபோது பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தம் பாவனையாக்க நிரலைச் சிமுலாவில் எழுதினார். வகுப்புகளாலும் அவற்றின் படிநிலையாலும் நிரலை ஒழுங்குபடுத்துவது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நிரல் மிக மெதுவாக ஓடியதால், அதனைக் கைவிட்டு பிசிபிஎல் என்னும் எளிய மொழியில் மீண்டும் எழுத நேர்ந்தது. சிமுலாவின் ஒழுங்கும் சி மொழியின் வேகமும் சேர்ந்த ஒரு மொழி வேண்டும் என்ற எண்ணத்துடன், 1979 இல் பெல் ஆய்வகத்தில் 'வகுப்புகளுடன் சி' என்ற பணியைத் தொடங்கினார். 1983 இல் மெய்நிகர் செயற்கூறுகள் சேர்ந்தன. சி++ என்ற பெயரும் அவ்வாண்டே வந்தது. 1985 இல் வணிகப் பதிப்பும், 1989 இல் பன்மரபுரிமம் கொண்ட 2.0 பதிப்பும் வெளிவந்தன.

மறுபயன்பாட்டையும் வகைப்பாட்டையும் பிரிப்பதற்கான தொடக்க முயற்சி ஒன்றைச் சி++ மொழியில் காணலாம். அதில் மரபுரிமத்தைப் பொது, தனி முதலிய வகைகளில் அறிவிக்கலாம். தனி மரபுரிமத்தில் சேய் வகுப்பு தாயின் நிரலைத் தனக்குள் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் வெளியுலகம் அதனைத் தாயின் வகையாகக் கருதாது. நடைமுறையிலோ பெரும்பாலானோர் பொது மரபுரிமத்தையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினர்.

ஐயங்களின் காலம்

1980களின் நடுப்பகுதியில் மரபுரிமம் புகழின் உச்சத்தில் இருந்தது. ஆய்வாளர்களின் கேள்விகளும் அப்போதுதான் தொடங்கின. 1986 இல் நடந்த முதல் ஊப்ஸ்லா மாநாட்டில் ஆலன் ஸ்னைடர், மரபுரிமம் உறைபொதியாக்கத்தைக் குலைக்கக்கூடும் என்று காட்டினார். ஒரு வகுப்பின் உள்ளமைப்பு வெளியே தெரியக்கூடாது என்பது உறைபொதியாக்கம். ஆனால் தாயின் உள் மாறிகளைச் சேய் நேரடியாகத் தொடமுடிந்தால், தாயை எழுதியவர் பின்னர் அவற்றை மாற்ற முடியாது. மாற்றினால் எங்கோ யாரோ எழுதிய சேய் உடையும்.

அடுத்த ஆண்டு அதே மாநாட்டில் பார்பரா லிஸ்கோவ் தலைமை உரை ஆற்றினார். மரபுரிமம் இல்லாத சிஎல்யூ என்னும் மொழியை 1970களில் உருவாக்கியவர் அவர். வகைப்பாடு என்பது நிரல் வரிகளைப் பகிர்வதன்று, நடத்தையைக் காப்பதே என்பது அவருடைய உரையின் சாரம். தாய்ப் பொருளை நம்பி எழுதிய எந்த நிரலும், அதனிடத்தில் சேய்ப் பொருள் வந்தாலும் பிழையின்றி நடக்கவேண்டும். ஜெனட் விங்குடன் சேர்ந்து 1994 இல் இதனை முறையான வரையறையாக அவர் வெளியிட்டார். இன்று இது லிஸ்கோவ் மாற்றீட்டு விதி எனப்படுகிறது.

வங்கி எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 'நிரந்தர வைப்புக் கணக்கு' என்னும் வகுப்பை 'கணக்கு' வகுப்பின் சேயாக எழுதுகிறோம். பேச்சு வழக்கில் அதுவும் ஒரு கணக்குதான்; கணக்கு எண், பெயர், இருப்பு எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் முதிர்வு நாளுக்கு முன் பணம் எடுக்க அதில் இடமில்லை என்று வங்கி விதி வகுத்திருக்கிறது. எனவே பணம் எடுத்தல் செயற்கூறைப் பிழை தருமாறு மாற்றி எழுதுகிறோம். மாத இறுதியில் எல்லாக் கணக்குகளிலிருந்தும் சேவைக் கட்டணத்தை எடுக்கும் நிரல், வைப்புக் கணக்கை எட்டியதும் நின்றுவிடுகிறது. நிரல்பெயர்ப்பி எந்தத் தவற்றையும் காட்டவில்லை. சொல்லளவில் சரியாயிருந்த உறவு, நடத்தையளவில் பொய்யாகிவிட்டது.

மேயரின் ஐஃபில் மொழி இதே கருத்தை ஒப்பந்தமாக வகுத்திருந்தது. சேய் வகுப்பு, தாய் கேட்டதைவிடக் கூடுதல் நிபந்தனை கேட்கக்கூடாது. தாய் தந்த உறுதியைவிடக் குறைவாகத் தரவும் கூடாது. 1990 இல் வில்லியம் குக், வால்ட்டர் ஹில், பீட்டர் கானிங் ஆகியோர், மரபுரிமம் வேறு, துணைவகை வேறு என்று தலைப்பிலேயே அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் இரண்டின் கோட்பாட்டு வேறுபாட்டையும் நிறுவினர். சிமுலாவில் ஒரே முடிச்சாக இருந்தது இவ்வாறு இரண்டு இழைகளாகத் தெரியலாயிற்று.

ஜாவாவும் உடையும் தாயும்

1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா, அப்பிரிவை மொழியின் அமைப்பிலேயே கொண்டுவந்தது. ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் வகுப்புக்கு ஒரே தாய் என்று வரையறுத்தனர். நிரல் வரிகளற்ற, செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியல் மட்டுமேயான 'இடைமுகம்' என்பதை எத்தனை வேண்டுமானாலும் ஏற்கலாம் என்றும் வைத்தனர். ஆப்ஜெக்டிவ்-சி மொழியின் 'புரோட்டோகால்' என்ற கூறு இதற்கு முன்னோடி. இதனால் வைரச் சிக்கலின் பெரும்பகுதி நீங்கியது. வகைப்பாட்டைத் தனியே அறிவிக்கவும் வழி பிறந்தது.

ஆயினும் ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே பழைய பழக்கம் எஞ்சியிருந்தது. அடுக்கு எனப்படும் 'ஸ்டாக்' வகுப்பு, அணி போன்ற 'வெக்டர்' வகுப்பின் சேயாக எழுதப்பட்டது. தட்டுகளை அடுக்கியது போல மேலே வைத்து மேலிருந்தே எடுக்கவேண்டியது அடுக்கு. ஆனால் வெக்டரிடமிருந்து பெற்ற செயற்கூறுகளால் அதன் நடுவில் எதையும் செருகலாம். நிரல் வரிகளை மிச்சப்படுத்த எடுத்த முடிவு, அடுக்கின் இலக்கணத்தையே மீறியது. ஏற்கெனவே பலரும் பயன்படுத்திவிட்டதால் இதனை மாற்றவும் இயலவில்லை. பிழை இன்றும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு வகை இடரை ஜோஷுவா பிளாக் 2001 இல் வெளியான ஜாவா பற்றிய தம் நூலில் விளக்கினார். ஒரு கணத்தில் எத்தனை உறுப்புகள் சேர்க்கப்பட்டன என்று எண்ணுவதற்காக, 'ஹாஷ்செட்' வகுப்பின் சேயொன்றை எழுதுகிறோம். ஒன்றைச் சேர்க்கும் செயற்கூறில் எண்ணிக்கை ஒன்று கூடும். பலவற்றை ஒருசேரச் சேர்க்கும் செயற்கூறில் அத்தனையும் கூடும். மூன்று உறுப்புகளை ஒருசேரச் சேர்த்தால் எண்ணிக்கை 6 என்று வருகிறது. காரணம், தாய் வகுப்பில் பலவற்றைச் சேர்க்கும் செயற்கூறு, உள்ளே ஒன்றைச் சேர்க்கும் செயற்கூறையே மூன்று முறை அழைக்கிறது. சேயை எழுதியவரின் கணக்கில் தவறில்லை. தாயின் உள்ளமைப்பு அவருக்குத் தெரியாது என்பதே குறை. நாளை தாயின் அமைப்பு மாறினால் விடையும் மாறும். இது உடையும் தாய் வகுப்புச் சிக்கல் எனப்படுகிறது.

இங்கே மரபுரிமம் என்ற உவமையின் எல்லை புலப்படுகிறது. குடும்பத்தில் பெற்றோரின் சொத்து பிள்ளையிடம் ஒருமுறை வந்துவிட்டால் பிள்ளையுடையதே. நிரலில் அப்படியில்லை. தாய் வகுப்பு தொடர்ந்து உயிரோடிருந்து, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் தான் தந்ததை மாற்றிக்கொண்டே இருக்கும்.

கூட்டமைவும் பிற வழிகளும்

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வரும் எழுதி 1994 இல் வெளியான வடிவமைப்புப் படிவங்கள் பற்றிய நூல், மரபுரிமத்தைவிடப் பொருள்களின் கூட்டமைவை விரும்புமாறு அறிவுறுத்தியது. கூட்டமைவு என்பது ஒரு பொருளைத் தாயாகக் கொள்ளாமல் உறுப்பாக வைத்துக்கொள்வது. அடுக்கு என்ற வகுப்பு, தன்னுள்ளே ஓர் அணியை மறைத்து வைத்துக்கொண்டு, வைத்தல், எடுத்தல் ஆகிய இரண்டை மட்டும் வெளியே காட்டினால் நடுவில் செருகும் இடர் எழாது. எண்ணும் கணமும் அப்படியே: உள்ளே ஒரு கணத்தை வைத்துக்கொண்டு வேலையை அதனிடம் ஒப்படைத்தால், அது உள்ளே எப்படி நடந்துகொண்டாலும் எண்ணிக்கை 3 ஆகவே இருக்கும்.

வகுப்பே இல்லாத பாதையும் ஒன்று இருந்தது. டேவிட் உங்கார், ராண்டல் ஸ்மித் ஆகியோர் 1987 இல் அறிமுகப்படுத்திய செல்ஃப் மொழியில் பொருள்கள் மட்டுமே உண்டு. ஒரு பொருளிடம் இல்லாததை அதன் முன்மாதிரிப் பொருளிடம் தேடுவர். 1995 இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் இவ்வழியைப் பின்பற்றியது. 2015 இல் அம்மொழியில் வகுப்பு என்ற சொல் சேர்க்கப்பட்டாலும், அடியில் இயங்குவது முன்மாதிரி முறைதான்.

மைக்ரோசாஃப்டின் காம் அமைப்பு 1990களிலேயே இடைமுக மரபுரிமத்தை மட்டும் அனுமதித்து, நிரல் மரபுரிமத்தை விலக்கியது. கோ மொழியில் ஒரு வகையை மற்றொன்றினுள் பதித்துக்கொள்ளலாம். ஆனால் அதனால் ஒன்று மற்றொன்றின் துணைவகை ஆகாது. ஓர் இடைமுகம் கேட்கும் செயற்கூறுகள் இருந்தாலே அந்த இடைமுகம் நிறைவேறியதாகக் கொள்ளப்படும். ரஸ்ட் மொழியில் 'டிரெய்ட்' எனப்படும் பண்புத்தொகுதிகள் அவ்வேலையைச் செய்கின்றன.

மரபுரிமத்தை வைத்துக்கொண்ட மொழிகளும் அதற்கு வேலியிட்டன. சி# மொழியில் செயற்கூறை மாற்றி எழுத இரு தரப்பும் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். கோட்லின் மொழியில் வகுப்பு இயல்பாகவே மூடப்பட்டது. 'திறந்தது' என்று அறிவித்தால்தான் சேய் பிறக்கும். ஜாவாவும் 2021 இல் வெளிவந்த 17 ஆம் பதிப்பில், எந்த வகுப்புகள் மட்டும் சேயாகலாம் என்று தாயே பட்டியலிடும் முத்திரையிட்ட வகுப்புகளை ஏற்றது. சேய்களைத் தாயின் அறிவிப்பிலேயே அடக்கிய ஹோரின் 1965 முன்மொழிவை இது நினைவூட்டுகிறது. அன்று குறையாகத் தோன்றிய கட்டுப்பாடு, இன்று சில இடங்களில் பாதுகாப்பாக வேண்டப்படுகிறது.

இன்றைய நிலை

டால், நிகார்ட் இருவருக்கும் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது 2001 ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, சில வார இடைவெளியில் இருவரும் காலமாயினர். கேக்கு 2003 ஆம் ஆண்டுக்கும், லிஸ்கோவுக்கு 2008 ஆம் ஆண்டுக்கும் அவ்விருது கிடைத்தது.

மரபுரிமம் வழக்கொழிந்துவிடவில்லை. திரைச் சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்கும் நூலகங்களிலும், பிழைகளை வகைப்படுத்தும் படிநிலைகளிலும் அது நன்கு பொருந்துகிறது. தாயும் சேயும் ஒரே குழுவினரால் ஒன்றாகப் பராமரிக்கப்படும்போதும், பிறர் விரிவாக்குவதற்கென்றே திட்டமிட்டு எழுதி ஆவணப்படுத்தும்போதும் உடையும் இடரும் குறைகிறது. மாறியிருப்பது அதன் எல்லையே. நிரல் வரிகள் மட்டும் வேண்டுமென்றால் கூட்டமைவு, வகை உறவு மட்டும் வேண்டுமென்றால் இடைமுகம், இரண்டும் உண்மையிலேயே சேர்ந்து வேண்டுமென்றால் மரபுரிமம் என்பது இன்றைய பொதுவான வழக்கம்.

சிமுலாவின் சுங்கச் சாவடியை இன்று எழுதும் நிரலாளர், லாரியையும் பேருந்தையும் ஊர்தியின் சேய்களாக அமைக்கக்கூடும். ஆனால் ஊர்தியை 'லிங்க்' வகுப்பின் சேயாக ஆக்கமாட்டார். வரிசையைத் தனிப் பொருளாக எழுதி, ஊர்திகளை அதனுள் வைப்பார். அப்போது ஒரே ஊர்தி இரண்டு வரிசைகளிலும் நிற்கலாம்.